ரோமில் புனித செசிலியாவைத் தேடிப் போகிறவர்களுக்கு: நாள், நேரம், காகிதம், காசு

என் அம்மாவின் பெயர் செசிலி. எங்கள் பங்கில் முப்பது வருடத்துக்கு மேல் பாடற்குழுவில் பாடியவர். பாடகர்களின் பாதுகாவலியான செசிலியம்மாள் திருநாள் நவம்பர் 22 வந்தால் வீட்டில் தீபாவளிக்கு நிகரான பரபரப்பு இருக்கும். அந்த வேதசாட்சி வெட்டுப்பட்ட கழுத்தோடு பக்கவாட்டில் படுத்திருக்கும் வெள்ளைப் பளிங்குச் சுரூபத்தைச் சாவதற்குள் நேரில் பார்க்க வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டிக்கொண்டு போனேன். ரோமில் இருந்தது ஐந்து நாள், அதில் இரண்டு நாள் மூடிய கதவுகளின் முன்னால் நின்றோம். எந்தக் கிழமை எது மூடியிருக்கும், எதைக் காலையில் மட்டும் பார்க்க முடியும் என்பதை நான் முன்கூட்டியே விசாரிக்கவில்லை. எழுபதைத் தொட்ட அம்மாவை வெயிலில் நிற்க வைத்த வருத்தம் இன்னும் இருக்கிறது. நீங்கள் அப்படி நிற்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

செசிலியாவின் கதையை இங்கே விரிவாகச் சொல்லப் போவதில்லை. ரோமில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட தொடக்ககாலக் கிறிஸ்தவப் பெண் என்று தெரிந்தால் போதும். பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு: ஆப்பியா சாலையில் அவரை முதலில் அடக்கம் செய்த சான் கலிஸ்தோ நிலத்தடிக் கல்லறை, திரஸ்தேவெரே பகுதியில் அவர் பெயரிலுள்ள கோயில், நகரின் நடுவில் சான் லூயிஜி தேய் பிரான்சேசி கோயில், ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் பொலோஞ்ஞா நகரின் ஓவியக்கூடம்.

1. முதலில் கிழமையை முடிவு செய்யுங்கள், டிக்கெட் அப்புறம்

விமான டிக்கெட் மலிவாக வந்ததே என்று தேதியைப் பூட்டிவிட்டு மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்ததுதான் என் முதல் தவறு. சான் கலிஸ்தோ நிலத்தடிக் கல்லறைக்குப் புதன்கிழமை விடுமுறை. குளிர்காலத்தில் ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை சில வாரம் அடியோடு மூடிவிடுவார்கள். செசிலியா கோயிலின் மேல்தளத்தில் உள்ள கவல்லினி என்ற ஓவியரின் சுவரோவியத்தைத் திங்கள் முதல் சனி வரை, அதுவும் காலை 10 மணியிலிருந்து 12.30 வாக்கில் வரை மட்டும் காட்டுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கல்லறையும் மதியம் 12 மணிக்கு மூடி 2 மணிக்குத் திறக்கும்.

ஆக உங்களுக்கு வேண்டியது புதன், ஞாயிறு இல்லாத இரண்டு முழுக் காலை நேரங்கள். ஒரே காலையில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று வரைபடத்தைப் பார்த்தால் தோன்றும், தூரம் அதிகமில்லை. ஆனால் ஆப்பியா சாலைக்குப் போகும் பஸ்ஸை நம்பி அந்தக் கணக்கைப் போடாதீர்கள். வியாழன், வெள்ளி இரண்டும் எனக்கு வசதியாக அமைந்தன. கிளம்பும் வாரத்தில் நேரங்களை மறுபடி ஒரு தடவை சரிபாருங்கள், பண்டிகை நாட்களில் மாற்றுவார்கள்.

நவம்பர் 22 அன்றே அங்கே இருக்க வேண்டும் என்றால் அது பெரிய பாக்கியம்தான், பாட்டோடு திருப்பலி நடக்கும். ஆனால் அன்று கோயிலைச் சுற்றிப் பார்க்க முடியாது, பூசை பார்க்கத்தான் முடியும். அதனால் திருநாளுக்கு முன்னும் பின்னும் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் மழை உண்டு, மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடும்.

2. விசா: பெயரில்தான் நம் ஊர்க்காரர்கள் மாட்டுகிறோம்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசியாகப் பார்த்தால் 15 நாளுக்கு முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். அந்த 15 நாளை நம்பாதீர்கள். சாதாரணமாக முடிவு வர 15 நாள் ஆகும், சந்தேகம் வந்தால் 45 நாள் வரை இழுக்கலாம் என்று விதியே சொல்கிறது. அதோடு விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. மூன்று மாதம் முன்பே இறங்குங்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45, அதற்குக் கீழே இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. அன்றைய யூரோ மதிப்பைப் பார்த்து ரூபாயில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பி வராது.

காகிதங்கள்: பாஸ்போர்ட் கடைசி பத்து வருடத்துக்குள் கொடுத்ததாக இருக்க வேண்டும், நீங்கள் ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. போக வர டிக்கெட் முன்பதிவு, தங்குமிடம், வங்கிக் கணக்கு அறிக்கை, வருமானவரித் தாக்கல், வேலையில் இருப்பவர்களுக்கு விடுப்புக் கடிதம். 35க்கு 45 மில்லிமீட்டர் அளவில் வெள்ளைப் பின்னணிப் புகைப்படம். ஸ்டுடியோவில் சும்மா பாஸ்போர்ட் போட்டோ என்று சொன்னால் வேறு அளவில் தந்துவிடுவார்கள், அளவைச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது பெயர் விஷயம். அம்மாவின் பாஸ்போர்ட்டில் செசிலி என்ற பெயரோடு அப்பாவின் பெயர் முழுதாக இருந்தது. வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் மட்டும். காப்பீட்டில் நான் அவசரத்தில் இனிஷியலை முன்னால் போட்டுவிட்டேன். மூன்று காகிதத்தில் மூன்று செசிலி! வங்கியில் பெயரைத் திருத்தி அறிக்கை வாங்கவே பத்து நாள் போனது. ஆகவே எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து ஒன்றாக்கிவிட்டு விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் காலியாக இருக்கிறதா? டிக்கெட் போடும் முன் அந்த விமான நிறுவனத்திடமே எப்படிப் போடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஆளுக்கொரு முறை வைத்திருக்கிறார்கள்.

குழுவாகப் போகிறவர்கள் கூட ஒரு சாமியாரை அழைத்துப் போனால், நிலத்தடிக் கல்லறையில் திருப்பலி வைக்க முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம். சாமியார் தன் ஆயரிடம் வாங்கிய செலபிரெட், அதாவது பூசை வைக்கும் அனுமதிச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு வருகிறவர்கள் அதிகம்.

3. தங்குவதும் நகர்வதும்

பியூமிசினோ விமான நிலையத்திலிருந்து எல்லோரும் தெர்மினி நிலையத்துக்குப் போகும் விரைவு ரயிலில் ஏறுகிறார்கள், அதற்கு 14 யூரோ. திரஸ்தேவெரேயில் தங்கினால் அது தேவையே இல்லை. 8 யூரோ சாதாரண ரயில் திரஸ்தேவெரே நிலையத்திலேயே நிற்கும், அங்கிருந்து 8ஆம் எண் டிராம். தங்குமிடத்தில் அறை வாடகைக்கு மேல் நகர வரி என்று ஒன்று வாங்குவார்கள். 3 ஸ்டார் ஓட்டலில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ. இது முன்பதிவுத் தொகையில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது, ஏமாற்றுகிறார்களோ என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

பஸ், டிராம், மெட்ரோ டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். காகித டிக்கெட் வாங்கினால் ஏறியதும் உள்ளே இருக்கும் மெஷினில் முத்திரை குத்த வேண்டும். காசு கொடுத்து வாங்கியதுதானே என்று பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், பரிசோதகர் வரும்போது டிக்கெட் இல்லாதவருக்குப் போடும் அபராதமே உங்களுக்கும்.

உடை: தோளும் முட்டியும் மூடியிருந்தால் போதும். அம்மா புடவையிலேயே எல்லா இடத்துக்கும் வந்தார். செருப்பை மட்டும் மாற்றுங்கள். அங்கே தெருவெல்லாம் கருங்கல் பதித்தது, வழுக்கும், இடுக்கில் கால் மாட்டும். நல்ல ஷூ இல்லாமல் ஆப்பியா சாலையில் நடக்கவே நடக்காதீர்கள்.

4. முதல் காலை: கல்லறை

கல்லறையை முதலிலும் கோயிலை அடுத்த நாளும் பாருங்கள். 821 வாக்கில் திருத்தந்தை முதலாம் பாஸ்கல் செசிலியாவின் உடலை இங்கிருந்துதான் எடுத்து நகருக்குள் கொண்டுபோனார். நாமும் அதே திசையில் போனால் மனதில் ஒரு கோர்வை வருகிறது.

சிர்கோ மாசிமோ மெட்ரோ பக்கத்திலிருந்து 118 பஸ், அல்லது சான் ஜியோவானியிலிருந்து 218. இரண்டுமே அடிக்கடி வராது, அரை மணிக்கு மேல் நின்றோம். 9 மணிக்குத் திறக்கும்போது அங்கே இருப்பது நல்லது. டிக்கெட் நாங்கள் போனபோது 10 யூரோ. தனியாக இறங்க விடமாட்டார்கள், மொழிவாரியாகக் குழு பிரித்து வழிகாட்டியோடுதான் அனுப்புவார்கள். தமிழ் கிடையாது, ஆங்கிலக் குழுவில் சேர்ந்துகொள்ளுங்கள். இந்த இடத்தைக் கவனித்துக்கொள்வது நம் ஊரில் டான் பாஸ்கோ பள்ளிகள் நடத்தும் அதே சலேசிய சபைதான் என்று தெரிந்ததும் அம்மாவுக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

உள்ளே லிஃப்ட் இல்லை. படிகள் செங்குத்து. வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் கீழே 15, 16 டிகிரிதான், ஒரு சால்வை கண்டிப்பாக வேண்டும். முட்டிவலி உள்ளவர்களை வரிசையின் முன்னால், வழிகாட்டிக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். பின்னால் நின்றால் குழுவோடு ஓட வேண்டியிருக்கும், சொல்வதும் காதில் விழாது. கீழே மொத்தம் இருபது கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கப் பாதைகள் இருக்கின்றன, நாம் பார்ப்பது அதில் ஒரு துளி. போட்டோ எடுக்கத் தடை.

திருத்தந்தையரின் கல்லறை அறையைத் தாண்டியதும் அடுத்தது செசிலியாவின் அறை. அங்கே படுத்திருக்கும் சுரூபம் நகல். இதுதான் அசல் என்று நினைத்துக்கொண்டு திரஸ்தேவெரேக்குப் போகாமலே ஊர் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். நகலைப் பார்த்த கையோடு பக்கத்துச் சுவரையும் பாருங்கள். கைகளை விரித்து ஜெபிக்கும் பெண்ணாக செசிலியாவின் பழைய ஓவியம் மங்கலாகத் தெரியும், கீழே கிறிஸ்துவின் முகம். அறையில் ஓரிரு நிமிடம்தான் நிற்க விடுவார்கள், அதனால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

சரி, என்னைப் போலப் புதன்கிழமை போய் மாட்டிக்கொண்டால்? திரும்பி விடாதீர்கள். பத்து நிமிட நடையில் சான் செபஸ்தியானோ கோயில் இருக்கிறது, அங்குள்ள கல்லறைக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமைதான். நம் ஊர்க் கிராமங்களில் அம்பு தைத்து நிற்கும் செபஸ்தியாரை அங்கே படுத்த நிலையில், பொன்முலாம் பூசிய அம்புகளோடு பார்க்கலாம். கோயிலுக்குள் போகக் கட்டணம் இல்லை. அன்றைய நாள் எங்களுக்கு வீணாகாமல் காப்பாற்றியது அவர்தான்.

5. இரண்டாம் காலை: திரஸ்தேவெரே கோயில்

இங்கே வரிசை மிக முக்கியம். கோயில் மதியம் மூடி மாலை 4 மணி வாக்கில்தான் திறக்கும், மேல்தளம் அன்றைக்கு அத்தோடு முடிந்தது. ஆகவே 10 மணிக்கு நேராக மேல்தளம், பிறகு கோயில், கடைசியாகக் கீழ்த்தளம்.

மேல்தளத்துக்குக் கோயில் வாசலுக்கு இடப்பக்கம் மடத்தின் அழைப்புமணியை அடிக்க வேண்டும். பெனடிக்ட் சபைச் சிஸ்டர்கள் கதவு திறப்பார்கள். சில யூரோதான் கட்டணம், சில்லறையாக வைத்திருங்கள், கார்டை நம்பிப் போகாதீர்கள். பேராயர்கள் தோளில் போடும், திருத்தந்தை கொடுக்கும் பாலியம் என்ற வெள்ளைக் கம்பளிப் பட்டை இருக்கிறதே, அதை நெய்வது இந்த மடத்துச் சிஸ்டர்கள்தான். உள்ளே 1293 வாக்கில் பியெத்ரோ கவல்லினி வரைந்த இறுதித் தீர்வை. சிஸ்டர்கள் ஜெபிக்கும் மரஇருக்கைகளுக்குப் பின்னால் பல நூற்றாண்டு மறைந்திருந்து 1900இல் வெளிப்பட்டது, நிறம் அப்படியே இருக்கிறது. வானதூதர்களின் சிறகுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள், இறகுக்கு இறகு ஒரு நிறம் அடுத்த நிறத்தில் கரைகிறது. தரையிலிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை, கண்ணுக்கு நேரே இருக்கிறது.

அப்புறம் கோயில், இலவசம். நடுப்பீடத்துக்குக் கீழே கறுப்புப் பளிங்கு மாடத்துக்குள் அந்தச் சுரூபம். ஸ்தேபானோ மாதெர்னோ செய்தது, 1600. அதற்கு முந்தைய வருடம் கல்லறையைத் திறந்தபோது உடல் எப்படிக் கிடந்ததோ அப்படியே செதுக்கியதாகச் சிற்பி சத்தியம் செய்யும் கல்வெட்டு முன்னால் தரையில் இருக்கிறது, அதன் மேலேயே எல்லோரும் நிற்கிறார்கள். நின்றுகொண்டு பார்த்தால் வெள்ளைத் துணி மூட்டை போலத்தான் தெரியும். முழந்தாளிடுங்கள். வலப்பக்கமாகச் சாய்ந்த சின்ன உடல், முட்டி லேசாக மடங்கியிருக்கிறது. தலையைச் சுற்றித் துணி, முகம் நம்மைப் பார்க்காமல் தரைக்குத் திரும்பியிருக்கிறது. கழுத்தில் ஒரே ஒரு மெல்லிய வெட்டு. கைவிரல்களைப் பாருங்கள், ஒரு கையில் மூன்று, மறு கையில் ஒன்று நீண்டிருக்கும். மூவொரு கடவுளைச் சாகும்போதும் அறிக்கையிட்டார் என்று அதற்கு அர்த்தம் சொல்வார்கள். அம்மா அந்த விரல்களைப் பார்த்துவிட்டுத் தன் விரல்களையும் அப்படியே வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. இந்த இடத்துக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

தலையை உயர்த்தினால் பீடத்துக்குப் பின்னால் ஒன்பதாம் நூற்றாண்டு மொசைக். இங்கே புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு, செசிலியாவின் அடையாளம் என்று ஆர்கனை, அதாவது குழாய் இசைக்கருவியைத் தேடுவது. செசிலியா கையில் ஆர்கன் வந்தது பிற்காலத்தில்தான். பழைய படங்களில் வெறும் ராணி போன்ற உடை, தலையில் ஒளிவட்டம், அவ்வளவே. இந்த மொசைக்கில் சதுர ஒளிவட்டத்தோடு கோயிலைக் கையில் ஏந்தி நிற்பவர் பாஸ்கல், அவர் தோளில் உரிமையோடு கைபோட்டு அழைத்து வருபவர்தான் செசிலியா. சதுர வட்டம் என்றால் படம் செய்தபோது அந்த ஆள் உயிரோடு இருந்தார் என்று பொருள்.

கீழ்த்தளத்துக்குத் தனியாகச் சில யூரோ. பழைய ரோமானிய வீடுகளின் சுவர்கள், தரையில் செங்கல்லால் கட்டிய வட்டத் தொட்டிகள், கடைசியில் கம்பிக்குப் பின்னால் செசிலியா, அவர் கணவர் வலேரியான், வலேரியானின் தம்பி திபூர்சியுஸ் ஆகியோரின் கல்பெட்டிகள். அவரை வெந்நீர் ஆவியில் மூச்சுமுட்ட வைத்ததாகச் சொல்லும் குளியலறை மேலே கோயிலின் வலப்பக்க வழியில் இருக்கிறது, அங்கே குயிதோ ரெனியின் ஓவியமும் உண்டு. அது சில நேரம் பூட்டியிருக்கும், கேட்டுப் பாருங்கள்.

6. அதே நாள் பிற்பகல்: சான் லூயிஜி

8ஆம் டிராம் பிடித்துத் திரும்பி, பியாட்சா நவோனா பக்கம் நடந்தால் இந்தக் கோயில் வரும். இதுவும் மதியம் மூடும், பிற்பகலில் போங்கள், இலவசம். உள்ளே கூட்டம் முழுக்க இடப்பக்கம் கரவாஜ்ஜோவின் மத்தேயு ஓவியங்களின் முன்னால் நிற்கும். நீங்கள் வலப்பக்கம் இரண்டாவது சிற்றாலயத்துக்குப் போங்கள். தொமெனிகீனோ 1612 முதல் 1615 வரை வரைந்த செசிலியாவின் வாழ்க்கை அங்கே சுவரெல்லாம் இருக்கிறது, அநேகமாக நீங்கள் தனியாகத்தான் நிற்பீர்கள். மாடியிலிருந்து அவர் துணிமணிகளைக் கொடுக்க, கீழே ஏழைகள் முண்டியடித்துப் பிடுங்கிக்கொள்ளும் காட்சியை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். விளக்குக்குக் காசு போட வேண்டியிருந்தால் போட்டுவிடுங்கள், இருட்டில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். அந்தச் சிற்றாலயப் பீடத்தின் ஓவியம் ரஃபேலின் செசிலியா படத்தைப் பார்த்து ரெனி வரைந்த நகல்.

7. ஒரு நாள் கூடுதலாக இருந்தால்: பொலோஞ்ஞா

அந்த ரஃபேல் அசல் பொலோஞ்ஞாவில் பினகோதேகா என்ற ஓவியக்கூடத்தில் இருக்கிறது. தெர்மினியிலிருந்து விரைவு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். டிக்கெட்டை வாரங்களுக்கு முன்பே எடுத்தால் விலை பாதிக்குக் கீழே இறங்கும், அன்றைக்கு எடுத்தால் கையைச் சுடும். மலிவு டிக்கெட்டில் ரயிலை மாற்ற முடியாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை ஓவியக்கூடம் மூடல், அதனால் ரோமில் வெள்ளி முடித்து சனி இங்கே வருவது சரியாக இருக்கும். கால்வலியில் அம்மா இந்த நாளைக் கைவிட்டு அறையிலேயே இருந்தார், நான் மட்டும் காலையில் போய் மாலையில் திரும்பினேன்.

படத்தின் கீழ்ப்பகுதியை முதலில் பாருங்கள். தந்தி அறுந்த வயோலா, தோல் கிழிந்த மத்தளங்கள், கஞ்சிரா போன்ற சலங்கைப் பறை எல்லாம் அவர் காலடியில் சிதறிக் கிடக்கின்றன. கையிலிருக்கும் ஆர்கனைத் தலைகீழாகத் தாழ்த்திப் பிடித்திருக்கிறார், குழாய்கள் நழுவி விழத் தொடங்கிவிட்டன, அவர் கவனிக்கவில்லை, மேலே பாடும் வானதூதர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அம்மாவிடம் காட்ட அந்த நழுவும் குழாய்களை மட்டும் கிட்டத்தில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு 5 மணி ரயிலுக்கு ஓடினேன்.